வீட்டு ஒலிப்பதிவு அறை: கேட்காமலே கிடைத்தது என்ன?

அல்சூர் மாடி
வெள்ளி, இரவு 11.20

ஐந்து வருடங்களாகப் பெங்களூர் அல்சூரில் வாடகை வீட்டின் பின்னறையில் ஒலிப்பதிவு செய்து வருகிறேன். பகலில் வங்கி வேலை, இரவிலும் ஞாயிறுகளிலும் இந்த வேலை. அறை பத்தடிக்குப் பதினோரடி. ஒரு கண்டென்சர் மைக், இரண்டு மைக்கைச் செருகி லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி, பழைய லேப்டாப், மாமியார் வீட்டிலிருந்து வந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள். மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்துவிட்டால் மெத்தைகள் கூடத்துக்குப் போய்விடும், அன்றைக்குப் பதிவு கிடையாது.

எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்பதற்கெல்லாம் இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் உள்ளன. நான் பேச வந்தது வேறு. காசு கொடுத்து வாங்காமல், அறை தானாகக் கொடுத்தது எது?

என்னுடையதைச் சொல்லித் தொடங்குகிறேன். போன மாதம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்காகத் தாலாட்டு ஒன்றைப் பதிவு செய்ய வந்தார். மின்விசிறியை நிறுத்தினேன், சமையலறை ஃபிரிட்ஜை நிறுத்தினேன், கீழ்வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓயும்வரை காத்திருந்தோம். நான்காவது முறை பாடியது அப்படி அமைந்தது. கடைசி ‘ஆராரோ’வை இழுத்து, குரல் மெல்லத் தேய்ந்துகொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்து ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி சொன்னது. திரையில் பார்த்தால் ஐந்து மெல்லிய ஊசிகள், வரிசையாக.

“மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, இன்னொரு முறை பாடிவிடலாமா?” என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “எந்தத் திசையில் சொன்னது?” என்று கேட்டார். கிழக்குச் சுவர் என்றேன். தரையில் மூன்று முறை விரலால் தட்டினார். “குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிற பாட்டுக்குப் பல்லி சாட்சி சொல்லியிருக்கிறது. அதன்மேல் கை வைக்காதே” என்றார்.

வைக்கவில்லை. விழாவில் ஒலிபெருக்கியில் அதைப் போட்டபோது, பல்லி வந்த இடத்தில் கூட்டமே தரையைத் தட்டியதாம்.

உங்கள் அறை என்ன கொடுத்தது?

கைபேசியே போதும்
வெள்ளி, இரவு 11.48

பல்லியைப் பதிவு செய்ய இத்தனை செலவா? எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் வீட்டிலும் பல்லி இருக்கிறது, கைபேசியும் இருக்கிறது. ‘ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி’ என்பார்கள். உங்கள் மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரம் வீணை
சனி, காலை 6.10

அல்சூர் மாடி தம்பிக்கு வணக்கம். நான் வீணை ஆசிரியை, கொஞ்சம் பாட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். 2020இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோதுதான் மைக் வாங்கினேன். மாணவிகளுக்குப் பாடம் பதிவு செய்து அனுப்பத் தொடங்கி, அது இன்றுவரை நிற்கவில்லை.

முதல் ஆச்சரியம், வீணையின் மெட்டுகளுக்கு மேல் என் விரல் போகும் ஓசை. ஐம்பது வருடமாக வாசிக்கிறேன், அப்படி ஓர் ஓசை இருப்பதே தெரியாது. மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்டால், தந்தியில் விரல் வழுக்கும் கீச்சு, வாத்தியத்தின்மேல் வளையல் படும் சத்தம், நான் மூச்சை அடக்கிக்கொள்வது எல்லாம் கேட்கின்றன. கனமான கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வரும் இடத்தில் மூச்சை நிறுத்திவிடுகிறேன். என் குருவும் அப்படித்தான் நிறுத்துவார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதாக ஒருநாளும் நினைக்காத ஒன்று!

இரண்டாவது ஒரு புதிர். என் பாட்டு மாணவிக்கு ஐந்து கட்டைச் சுருதி. மின்சாரச் சுருதிப் பெட்டியை வைத்தால் அந்த அறையில் மட்டும் சுருதி ‘வ்வம்… வ்வம்…’ என்று துடிக்கிறது, நொடிக்கு இரண்டு துடிப்பு. பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்துக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே கடைந்தெடுத்த மாதிரி நிற்கிறது. அறைக்குக் கொண்டுவந்தால் மறுபடி துடிக்கிறது. அந்தப் பெண் பாவம், தன் குரல்தான் சேரவில்லை என்று அழாத குறை. ஃபிரிட்ஜுக்கு வைத்திருக்கும் ஸ்டெபிலைசர் அந்த அறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. அதை நிறுத்தியதும் துடிப்பு நின்றுவிட்டது! விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஒரு இரும்புப் பெட்டி எப்படிச் சுருதியோடு சண்டை போடுகிறது?

பழைய நாடா
சனி, காலை 7.35

அம்மாவுக்குப் பதில். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தப்புலம் இரண்டு முறை உச்சம் தொடுவதால், மின்மாற்றியின் இரும்பு நொடிக்கு 100 முறை அதிர்கிறது. ஸ்டெபிலைசருக்குள் இருப்பது ஒரு சின்ன மின்மாற்றி. அது ரீங்கரிப்பது 100 ஹெர்ட்ஸில்.

ஐந்து கட்டை என்பது மேற்கத்திய ஜி. அதன் கீழ் ஸ்தாயி சட்ஜம், அதாவது ‘ஸ’, 98 ஹெர்ட்ஸ். நூறுக்கும் தொண்ணூற்றெட்டுக்கும் வித்தியாசம் இரண்டு. நீங்கள் எண்ணிய இரண்டு துடிப்பு அதுதான், உங்கள் காதை மெச்சுகிறேன். அரை சுரத்தை நூறாகப் பிரித்தால் சுமார் முப்பத்தைந்து பங்கு தூக்கலாக நிற்கிறது மின்சாரம். ஆக நகரம் முழுவதும் இரவு பகலாக ஐந்து கட்டையில், கொஞ்சம் சுருதி ஏற்றி, முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. ஐந்து கட்டைக்காரர்கள்தான் பாவம். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல், அவர்களுக்கு அபசுரம்.

இனி அல்சூர் தம்பிக்கு. முப்பது வருடத்துக்கு மேல் ஒலிப்பதிவில் இருந்தவன், ஓய்வு பெற்று ஜெயநகரில் இருக்கிறேன். பல்லிக் கதை நன்றாக இருந்தது. ஆனால் இரைச்சலுக்குக் கவிதை எழுதாதீர்கள். இரைச்சல் இரைச்சல்தான். ஸ்பூல் நாடாக் காலத்தில் நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும். பாடகர் இருமினால் அந்த இடத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டித் தேடி, மெழுகுப் பென்சிலால் குறித்து, சவர பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்ட வேண்டும். அரை நொடி இருமல் என்றால் நாடாவில் ஏழரை அங்குலம். எங்களுக்கு இருமலே ஏழரைதான். வெட்டி எறிந்த துண்டுகள் தரையில் சுருண்டு கிடக்கும். யாரும் அவற்றைச் சாட்சி என்று எடுத்து வைக்கவில்லை.

ஃபிரிட்ஜை நிறுத்துவதாகச் சொன்னீர்கள். ஒரு தந்திரம் சொல்கிறேன். நிறுத்தியதும் ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியை எடுக்கத் திறந்தாக வேண்டும், மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

தொப்பியும் வலந்தலையும்
சனி, மதியம் 2.05

சாவித் தந்திரத்துக்கு நன்றி ஐயா. எங்கள் வீட்டில் இதுவரை மூன்று லிட்டர் பால் கெட்டிருக்கிறது.

நான் மிருதங்கம். ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு, மேலே ஒற்றை அறை. முதல் ஆச்சரியம் என்னுடையதில்லை, ஒரு நண்பரின் மனைவியுடையது. பதிவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே போனதும், “அண்ணி, கொஞ்சம் ரவை கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டேன். பதினைந்து நிமிடம் கழித்துத் தட்டில் உப்புமா வந்தது. முந்திரி வேறு. மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் பிசைந்து அப்புவதற்கு ரவை கேட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

அந்த ரவைப் பிசினைப் பற்றி மைக் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று. மேடையில் அது காய்வதை நான் கையால் உணர்வேன், ஆனால் எவ்வளவு காய்ந்தால் எவ்வளவு ஒலி மாறுகிறது என்று கேட்டதில்லை. அறையில் ஏ.சி. போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசித்து, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் அடுத்தடுத்து ஒட்டிக் கேட்டேன். இரண்டு வேறு ஆட்கள்! தொடக்கத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வரும் ‘தோம்’, முடிவில் தகர டப்பாவின் குரல். இப்போது பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு ஒரு சொட்டு.

அடுத்து பீரோ. என் அறையில் அப்பா காலத்து இரும்பு பீரோ இருக்கிறது. பதிவில் எங்கோ ‘ஜிர்ர்’ என்று ஒரு கூடுதல் ஒலி. மிருதங்கத்து வாரைச் சந்தேகப்பட்டேன், கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன், மைக் ஸ்டாண்டுக்குக் கீழே செருப்பு வைத்தேன். கடைசியில் பார்த்தால், நான் தொப்பியை அடிக்கும்போதெல்லாம் பீரோவின் கைப்பிடி கூடவே வாசிக்கிறது. என் மகளின் தலைமுடி ரப்பரை மாட்டியதும் அடங்கியது. அந்த ஆராய்ச்சியில் பீரோவைத் திறந்தபோதுதான் புதையல் கிடைத்தது. இரண்டு கதவையும் விரியத் திறந்து, தொங்கும் புடவைகளைப் பார்த்தபடி பாடகரை நிறுத்தினால், எதிரொலியே கிடையாது. அறுபது புடவைகள், பெரும்பாலும் பட்டு. என் மனைவியிடம் இனி புடவைக் கணக்கு கேட்கும் உரிமையை இழந்துவிட்டேன்.

இன்னொன்று, எல்லாருக்கும் உதவும். ஹெட்போனில் என் வாசிப்பு எனக்கே தாமதமாக வந்துகொண்டிருந்தது. மென்பொருளில் பஃபர், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 512 என்று இருந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் 512 மாதிரிகளுக்குக் கிட்டத்தட்ட 12 மில்லிநொடி. ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. பன்னிரண்டு மில்லிநொடியில் நான்கு மீட்டர். போக ஒருமுறை, வர ஒருமுறை என்றால் எட்டு மீட்டர். என் கையே எட்டு மீட்டர் தள்ளி, சபாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும்? 128க்கு மாற்றினேன். போக வரச் சேர்த்து இரண்டு மீட்டர். மேடையில் வயலின்காரர் அந்தத் தூரத்தில்தான் இருப்பார், பழகிவிட்டது.

போர்வைக்குள்
சனி, இரவு 9.30

உங்களுக்கெல்லாம் அறை இருக்கிறது. எனக்கு இருப்பது போர்வை.

மடிவாளாவில் பெண்கள் விடுதி, மூவர் தங்கும் அறை. குழந்தைகளுக்கான தமிழ்க் கதைகளைப் படித்துப் பதிவு செய்கிறேன். தோழிகள் இருவரும் இரவுப் பணிக்குப் போன பிறகு, கட்டிலின் நான்கு மூலையிலும் துடைப்பக் கட்டை, குடை என்று கிடைத்ததை நட்டு, கம்பளிப் போர்வையை மேலே போட்டு, உள்ளே மைக்கோடும் டார்ச்சோடும் உட்கார்ந்துகொள்வேன். பெங்களூர்க் குளிர் இல்லை என்றால் இது நடக்காது. சென்னையில் என் அம்மா வீட்டில் ஒருமுறை முயன்று, மூன்றாம் பக்கத்தில் வியர்வை கண்ணுக்குள் போய்விட்டது.

எனக்குக் கிடைத்தது ஒரு அவமானமும் ஒரு சந்தோஷமும். அவமானம்: ‘கிழவி’ என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு இவ்வளவு நாள் ‘கிளவி’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். சாண் தூரத்தில் மைக் இருந்தால் நாக்கு தப்பிக்க முடியாது. ஒரு வாரம் முழுக்க ‘வாழைப்பழம் அழுகிக் கீழே விழுந்தது’ சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறைப் பெண் கன்னடக்காரி. உனக்கு வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டுக் கொண்டுவந்தே கொடுத்துவிட்டாள்.

சந்தோஷம்: கதையில் மழை வேண்டியிருந்தது. நிஜ மழையைப் பதிவு செய்தால், விடுதித் தகரக் கூரையில் விழுந்து, யாரோ ஜல்லி கொட்டுகிற மாதிரி இருந்தது. ஞாயிறன்று சமையல் அக்காவின் அனுமதியோடு, கடுகு தாளிப்பதைப் பதிவு செய்தேன். வெடிப்பு அடங்கி, கறிவேப்பிலை போட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு விரிவு வரும் பாருங்கள், அதுதான் மழை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததும் ஆடி மாதத்துச் சாரல் ஆகிவிட்டது. கதை கேட்ட குழந்தைகள் மழை நன்றாக இருந்தது என்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த இடம் வந்தால் பசிக்கிறது. சொல்ல மறந்தேன், பசித்தால் வயிறு பேசுவதும் பதிவாகும். பதிவுக்கு முன் ஒரு வாழைப்பழம் கட்டாயம்.

கைபேசியே போதும்
சனி, இரவு 10.15

இந்தப் பெண் சொன்ன மழை கைபேசியிலும் பதிவாகுமே. நிற்க. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்கிறார்களே, உண்மையா? மேல்வீட்டுப் பையன் கிடார் வாங்கியிருக்கிறான். அவனுக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பழைய நாடா
சனி, இரவு 10.40

வாங்கிக் கொடுக்காதீர்கள். அட்டை மெல்லிசு, எடையே இல்லை. மேல் சுரங்களைக் கொஞ்சம் மழுக்கும், மற்றபடி சத்தம் அதன் ஊடே நடந்து போய்விடும். தீப்பிடித்தால் வேறு வினை. வெளியே போகும் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும். அறைக்குள் எதிரொலியைக் குறைக்கப் பஞ்சு, கம்பளி, புத்தக அலமாரி போதும். இரண்டும் வேறு வேலைகள், கடைக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே பொருளை விற்பார்கள்.

அல்சூர் தம்பி, உங்கள் அறைக்கூரையும் பத்தடி என்றால், அகலமும் உயரமும் ஒன்றாகி, 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி இரட்டிப்பாகத் தேங்கும். கீழ் ஒலி மூலையில் மொத்தமாகக் கேட்கும், நட்டநடுவில் காணாமல் போகும். நடு அறையில் உட்கார்ந்து மிக்ஸிங், அதாவது ஒலிகளின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் வேலை, செய்யாதீர்கள்.

அல்சூர் மாடி
ஞாயிறு, காலை 5.50

ஐயா, கூரை பத்தடிதான். இவ்வளவு நாள் நட்டநடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ‘உன் பதிவில் கீழ் ஒலி அதிகம்’ என்று எல்லாரும் சொன்னதன் காரணம் இன்றைக்குத் தெரிந்தது. எனக்குக் கேட்காததால் ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன்.

தூங்கி எழுந்ததும் எழுதுகிறேன், காரணம் உண்டு. என் வீட்டுக்கு அருகே மெட்ரோவின் மேம்பாலப் பாதை. 2011 அக்டோபரில் நகரில் முதலில் ஓடத் தொடங்கிய தடம் இதுதான். ரயில் போகும் சத்தம் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. மைக்குக்குத் தெரியும், தரை வழியாக வருகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெரும்பகுதி போய்விடும். ஆனாலும் முதல் ரயிலுக்கு முன் பதிவு செய்வது என்று ஆரம்பித்தேன். நாலரை மணி அல்சூர் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பால் வண்டி, அது போனதும் எங்கோ ஒரு கோயில் மணி, பிறகு பள்ளிவாசலின் பாங்கு. கொஞ்சம் வெளுத்ததும் எதிர்வீட்டு அத்திமரத்தில் பச்சைக் குக்குறுவான், ‘குட்ரூ… குட்ரூ…’ என்று தொடங்கிவிடும். ஒன்று தொடங்கினால் நான்கு தெரு தள்ளி இன்னொன்று பதில் சொல்லும். அதன் பிறகு பதிவு சாத்தியமே இல்லை. மைக்கை நிறுத்தாமல் உட்கார்ந்து ஹெட்போனில் அதையே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பத்து மணிக்கு ஒரு பாடகி வருகிறார். ஐந்து கட்டை! சாவித் தந்திரம் இன்றுதான் அரங்கேற்றம்.

மல்லேஸ்வரம் வீணை
ஞாயிறு, காலை 8.20

பழைய நாடா ஐயா, 98க்கும் 100க்கும் நடக்கும் சண்டையை மாணவியிடம் சொன்னேன். “அப்போது என் சுருதி சரிதானே டீச்சர்?” என்று கேட்டாள். அவள் சிரித்துப் பாடி ஒரு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் இரைச்சல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். 1939இல் தொடங்கியது. பந்தலுக்கு வெளியே பஸ் ஹாரன், உள்ளே குழந்தை அழுகை, நடுவே ராகம். அங்கே கேட்ட தோடி எனக்கு ஹாரனோடுதான் நினைவிருக்கிறது. ஹாரனை எடுத்துவிட்டால் அது வேறு எங்கோ பாடிய தோடி.

இன்னும் முக்கியமான காரணம். போன வருடம் என் வாசிப்பு ஒன்றை மாணவி ஒருத்தி மென்பொருளில் போட்டு ‘சுத்தம்’ செய்து அனுப்பினாள். மின்விசிறி இரைச்சல் போய்விட்டது, சரி. கூடவே என் கமகத்தின் வாலும் போய்விட்டது. வீணையில் ஒரு மீட்டு மீட்டிவிட்டுத் தந்தியை இழுத்து மூன்று நான்கு சுரங்களைத் தொடுவோம். கடைசிச் சுரம் வரும்போது ஒலி நூலாக மெலிந்திருக்கும். கேட்பவர் காதைக் கொண்டுவந்து அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இயந்திரத்துக்கு அந்த நூலும் மின்விசிறியும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் துடைத்துவிட்டது. சுரம் பாதியில் செத்துப் போன மாதிரி இருந்தது.

பழைய நாடா
ஞாயிறு, காலை 9.05

அம்மா, அந்தக் கடைசிச் சுரத்துக்காக நான் தோற்கத் தயார். மென்பொருளை நானும் நம்புவதில்லை. இரைச்சலைப் பதிவுக்கு முன் விரட்ட வேண்டும், பின்னால் விரட்டினால் வீட்டுக்காரரும் சேர்ந்து வெளியே போவார். அதைத்தான் ஃபிரிட்ஜ் விஷயத்தில் சொன்னேன்.

வீட்டு ஸ்டூடியோ என்று ஏதோ புதிது போல எல்லாரும் பேசுகிறோம். 1935இல் மைசூரில் எம். வி. கோபாலசாமி என்ற உளவியல் பேராசிரியர் தன் வீட்டிலிருந்தே வானொலி நிலையம் நடத்தினார். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் அந்த வீட்டு நிலையத்துக்கு வைத்ததுதான், பின்னால் நாடு முழுமைக்கும் போனது. அந்த வீட்டிலும் சமையலறை இருந்திருக்கும். யாராவது பாடும்போது உள்ளே தாளிக்காமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் என் நெடுநாள் சந்தேகம்.

கைபேசியே போதும்
ஞாயிறு, மதியம் 12.30

சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கி, எங்கள் வீட்டு ஸ்டெபிலைசர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 100 தான் காட்டுகிறது. வாட்டர் ஹீட்டர் பெட்டி, இன்வெர்ட்டர், மாடிப்படி ட்யூப்லைட் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். லிஃப்ட் அறைக்குப் போகக் காவலாளி விடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கைபேசியே போதும். இதையெல்லாம் அதில்தானே பார்த்தேன்?

அல்சூர் மாடி
திங்கள், இரவு 8.45

அனைவருக்கும் வணக்கம். நான் அல்சூர் மாடியின் வீட்டுக்காரி. அவர் கணக்கை மூடாமல் லேப்டாப்பை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

சாவியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்ன ஐயாவை நான் குறை சொல்லவில்லை. சாவியை வைத்திருக்கிறார். முட்டைத் தட்டில். பாடகி பாடி முடித்ததும், அவரை மெட்ரோ வரை கொண்டு விடப் பேசிக்கொண்டே நடந்து போனவர், அப்படியே தானும் மெட்ரோ ஏறி எம்.ஜி. ரோட்டில் நண்பரைப் பார்க்கப் போய்விட்டார். ஸ்கூட்டர் வாசலில். சாவி ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ் நிறுத்தியபடி.

நான் கே.ஜி.எஃப்.பில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை வந்து திறந்தால், சனிக்கிழமை அரைத்து வைத்த இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கொத்தமல்லிக் கட்டின்மேல் வழிந்து, கதவுப் பக்கமும் இறங்கி, முட்டைத் தட்டு வரை வந்திருந்தது. சாவியை மாவுக்குள்ளிருந்து எடுத்தேன். பால் இரண்டு பாக்கெட்டும் திரிந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அந்த மனிதர் மைக்கையும் நிறுத்தாமல் போயிருக்கிறார். சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவே இருப்பது ஒரு சுவரும் திறந்து கிடந்த கதவும்தான். ஏழு மணி நேரப் பதிவு, மூன்று ஜி.பி.க்கு மேல். அதில் நான் உள்ளே வந்தது, அவரைப் பற்றிப் பேசியது, அவருடைய அம்மாவைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசியது எல்லாம் இருக்கின்றன. ஃபிரிட்ஜைப் போட்டதும் ‘டொக்’ என்று அது உயிர்பெற்று ரீங்கரிக்கத் தொடங்குகிறது. அதற்கப்புறம் தரை துடைக்கும் சத்தம். துடைத்துக்கொண்டே நான் பாடியிருக்கிறேன். பாடியதே எனக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு முன் கற்றுக்கொண்டது, இருபது வருடமாக இந்த வீட்டில் நான் வாய் திறந்ததில்லை. பதினொரு நிமிடம் பாடியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் மட்டும், “நீ ஃபிரிட்ஜோடு அப்படியே சேருகிறாய், உனக்கும் ஐந்து கட்டைதான், கொஞ்சம் தூக்கல்” என்றார்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் அந்தப் பதினொரு நிமிடத்தை மட்டும் அடியோடு அழிப்பது எப்படி? அவருடைய அம்மாவைப் பற்றிய வார்த்தையையும்.

பழைய நாடா
திங்கள், இரவு 9.20

அம்மா, மாமியாரைப் பற்றிய வார்த்தையை அழிக்கச் சொல்லித் தருகிறேன். அந்த இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, டெலிட் விசையை அழுத்திச் சேமியுங்கள். அரை நிமிட வேலை.

பதினொரு நிமிடத்தை அழிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் பழைய ஆள், நாடாவும் பிளேடும்தான் பழக்கம்.

சாவியை நன்றாகக் கழுவிக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புளித்த மாவு பட்டது, துருப்பிடிக்கும்.